பச்சையாக இருக்கும் காட்டுக்கு என்ன குறை?

கெப்போங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “உலகம் சூடாகிறது, இயற்கை பாதிக்கப்படுகிறது என்று வகுப்பில் சொல்கிறோம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கப் பச்சை. மழைக்கும் குறைவில்லை. ‘கரியமில வாயு மரத்துக்குச் சாப்பாடுதானே டீச்சர், அது கூடினால் காடு நன்றாகத்தானே வளரும்?’ என்று ஒரு பையன் கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? நம் நாட்டுக் காடுகள் உண்மையில் எப்படி மாறுகின்றன? பள்ளியில் மரம் நட்டால் ஏதாவது பயன் உண்டா?”

பையன் சொன்னதில் பாதி உண்மை. அதனால் முதலில் அந்தப் பாதியை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் ஒரு மில்லியனுக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. போர்னியோவில் வெட்டுப்படாத பழங்காடுகளில் மரங்களின் சுற்றளவைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1988 முதல் 2010 வரை அங்கே ஒரு ஹெக்டர் காடு ஆண்டுக்குச் சராசரியாக 0.43 டன் கரிமத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆப்பிரிக்கா, அமேசான் காடுகளிலும் இதையொட்டிய போக்கைத்தான் கண்டார்கள். ஆக, காடு நம் புகையில் ஒரு பகுதியை வாங்கி மரமாக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அதே கணக்கில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 1997-98-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பக்கம் மழையைக் குறைக்கும் நிகழ்வு, கொண்டுவந்த வறட்சியில் மரங்கள் அதிகமாகச் செத்து, அந்தச் சேமிப்பு அப்படியே நின்றுபோனது. அடுத்தது, காட்டின் ஓரம். தோட்டத்தையோ சாலையையோ ஒட்டிய ஓரத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேல் உள்ளே வரை வெயிலும் வறண்ட காற்றும் புகுந்து மரங்களைத் தளர்த்துகின்றன. நடுக்காட்டில் கிடைத்த லாபத்தை ஓரத்து நட்டம் தின்றுவிடுகிறது.

அப்புறம், கரியமில வாயு ஒன்றே சாப்பாடாகிவிடாது. மரத்துக்குத் தண்ணீர் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். நம் காட்டு மண் பார்க்கத்தான் செழிப்பு. பெரும்பாலான இடங்களில் சத்து மிகக் குறைவு. சிட்னிக்கு அருகே ஒரு முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் குழாய் வைத்துக் கூடுதல் கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். மரங்கள் அதை உறிஞ்சின. ஆனால் கூடுதலாகப் பருக்கவில்லை. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் அதற்கு வழியில்லை. வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பமண்டல மரங்களின் இலை ஏறத்தாழ 46.7 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஒளிச்சேர்க்கை இயந்திரமே பழுதாகத் தொடங்கும் என்று அளந்திருக்கிறார்கள். இப்போது உச்சிவெயிலில் மிகச் சில இலைகள்தான் அந்த எல்லையைத் தொடுகின்றன. காற்று சூடேற ஏற அந்தச் சில இலைகள் பலவாகும்.

சரி, இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் எப்படியோ வந்துவிடும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஜன்னல் வழியாகத் தெரியும் அந்தப் பச்சை, காட்டின் இன்றைய நிலையைச் சொல்வதில்லை. ஒரு செங்கால் மரம் சில நூறு ஆண்டு நிற்கும். இன்று நாம் பார்க்கும் பெரிய மரங்களில் பல, கோலாலம்பூர் என்று ஓர் ஊரே இல்லாத காலத்தில் முளைத்தவை. அவற்றை முளைக்கவைத்த சூழல் போய்விட்டாலும் அவை நின்றுகொண்டுதான் இருக்கும். காடு மாறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பயனில்லை. குனிந்து, நாற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நாம் ஃப்ரிம் என்று சொல்லும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம். அங்கே மெராந்தி, கெருயிங், கப்பூர், செங்கால், பாலாவ் என்று நம் காட்டின் பெரிய மரங்களை வகைவகையாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். இவை எல்லாம் டிப்டெரோகார்ப் என்ற ஒரே குடும்பம். குங்கிலியம் தரும் மரங்கள் இந்தக் குடும்பம்தான். அந்தக் காலத்தில் கோயிலுக்குப் போன பச்சைக் கற்பூரமும் கப்பூர் மரத்தின் உள்ளிருந்து எடுத்ததுதான்.

இந்த மரங்களின் வழக்கம் விசித்திரமானது. மாமரம் மாதிரி ஆண்டுதோறும் பூக்காது. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, சில சமயம் பத்து ஆண்டுகூடச் சும்மா நிற்கும். பிறகு ஓர் ஆண்டு, யாரோ கட்டளையிட்ட மாதிரி, பல வகை மரங்கள் பெரும் பரப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் காய்களைக் கொட்டும். பூக்கும் காலம் வந்தால் மலைத்தேனீக் கூட்டம் எங்கிருந்தோ வந்து சேரும். மெராந்தி வகைகள் சிலவற்றுக்கு மகரந்தம் கடத்துவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத இலைப்பேன்கள். மொட்டு வைத்ததும் அவை அதற்குள் பெருகத் தொடங்கும். ஒரு தலைமுறைக்கு ஒரு வாரம், பத்து நாள்தான். பூ விரியும் நேரத்தில் படை தயாராக இருக்கும்.

ஏன் இப்படி ஒரேயடியாக? இந்த விதைகளைத் தின்னப் பன்றி, அணில், வண்டு என்று பெரிய கூட்டமே இருக்கிறது. ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் ஒன்றுகூட மிஞ்சாது. பல ஆண்டு பட்டினி போட்டுத் தின்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஒரே முறையில் ஊரையே அழைத்த கல்யாணப் பந்தி மாதிரி கொட்டினால், எவ்வளவு தின்றாலும் இலையில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறைக் காடு. பட்டினி, பந்தி இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஏற்பாடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கழித்து இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பந்திக்கான நாளை எது குறிக்கிறது? வறட்சியும் குளிரும். மழை சில வாரம் பொய்த்து, வானம் தெளிந்து, இரவு வெப்பம் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி போல இறங்கிச் சில நாள் நிலைத்தால் மரத்துக்குள் பூவுக்கான வேலை தொடங்குகிறது. எல் நினோ, அதற்கு நேர்மாறான லா நினா, இந்த இரண்டின் ஆட்டத்தோடு இதற்குத் தொடர்பு இருப்பதால்தான் பூப்பும் ஒழுங்கில்லாத இடைவெளியில் வருகிறது.

இங்கேதான் கெப்போங்கின் பெருமை. ஃப்ரிம் ஊழியர்கள் 1976 முதல் 2010 வரை, 35 ஆண்டு, மாதந்தோறும் மரங்களை அண்ணாந்து பார்த்து, எது பூத்தது, எது காய்த்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 41 குடும்பங்களைச் சேர்ந்த 210 வகைகள். எந்தப் பரபரப்பும் இல்லாத, ஆளுக்கு ஆள் கைமாறி வந்த வேலை. அந்தக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தபோது, அந்தக் காலப் பகுதியிலேயே பூக்கும், காய்க்கும் வகைகளின் பங்கு குறைந்து வந்திருப்பது தெரிந்தது. டிப்டெரோகார்ப் குடும்பத்தில் 57 விழுக்காட்டு வகைகளுக்கு வறட்சி மட்டும் போதாது, குளிர்ந்த இரவும் சேர்ந்தே வேண்டும் என்பதும் தெரிந்தது. உலகம் கரியமில வாயுவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி, தாய்லாந்திலிருந்து போர்னியோ வரை அந்தக் குளிர்ந்த இரவுகள் குறையப் போகின்றன என்று அதே ஆய்வு கணக்கிட்டது. விட்டுவிட்டால் இன்னும் மோசம்.

யோசித்துப் பாருங்கள். மரம் சாகவில்லை, இலை உதிரவில்லை, பச்சை மாறவில்லை. அது எதிர்பார்க்கும் அடையாளம் மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நடக்கவில்லை; மரத்தைப் பொறுத்தவரை ஒரு தலைமுறை பிறக்கவில்லை.

விதையைச் சேமித்து வைத்துப் பிறகு விதைக்கலாமே என்று உங்கள் மாணவன் அடுத்துக் கேட்பான். கேட்டால், காய்க்கும் ஆண்டில் ஃப்ரிம் வளாகத்துக்கு அவனைக் கூட்டிப்போய்க் கப்பூர் காய் விழுவதைக் காட்டுங்கள். நடுவில் பாக்கு அளவில் ஒரு கொட்டை, சுற்றி ஐந்து சிறகு. கிளையிலிருந்து கழன்றதும் சுழன்று சுழன்று மெல்ல இறங்கும். சருகில் விழுந்தவற்றைச் சில நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஓடு விரிசல் விட்டு, விரல்நகம் நீளத்துக்கு வேர் வளைந்து மண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். நெல், பயறு மாதிரி இது உறங்கிக் காத்திருக்காது. உலர்த்தினால் சாகும். குளிர்பெட்டியில் வைத்தாலும் சாகும். உடனே முளைக்க வேண்டும், அல்லது அழுக வேண்டும். முளைத்த நாற்று மட்டும் நிழலில் கணுக்கால் உயரத்தில் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக நிற்கும், மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழும் நாள் வரை. காட்டின் சேமிப்பு விதையில் இல்லை, அந்த நாற்றில்தான் இருக்கிறது.

அந்த நாற்றுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நெகிரி செம்பிலானுக்குப் போக வேண்டும். பாசோ வனக் காப்பகம். 1980-களின் நடுவில் அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து கட்டம் போட்டு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800-க்கும் மேற்பட்ட வகைகள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள். நான் அங்கே போயிருக்கிறேன். காட்டுக்குள் நடக்கும்போது முழங்கால் உயரத்துக்கு ஒரு குப்பைமேடு மாதிரி தென்படும். கிட்டே போய்ப் பார்த்தால் அது குப்பை இல்லை. பெருவிரல் தடிமன் நாற்றுகளைப் பல்லால் முறித்து, சிலவற்றை வேரோடு பிடுங்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய படுக்கை. குட்டி போடப் போகும் காட்டுப்பன்றி கட்டிய கூடு. ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான நாற்றுகள் போகும். சுற்றி நாலாபுறமும் முறிந்த தண்டுகள் மட்டும் நிற்கும்.

பன்றி காட்டுக்குப் புதிதில்லை. எண்ணிக்கைதான் புதிது. பாசோவை மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்திருக்கிறது. கீழே உதிரும் செம்பனைப் பழம் பன்றிக்கு நல்ல கொழுப்புச் சாப்பாடு. பழம் கிடைக்காத மாதமே இல்லை. முன்னே சொன்ன பட்டினி நினைவிருக்கிறதல்லவா? அந்தப் பட்டினியைச் செம்பனை எடுத்துவிட்டது. காட்டில் காய்ப்பு இல்லாத ஆண்டிலும் பன்றி பெருகிக்கொண்டே போகிறது. தோட்டத்தில் மேய்ந்துவிட்டுக் கூடு கட்டக் காட்டுக்குள் வருகிறது. 24 ஆண்டு அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது, அந்த 50 ஹெக்டரில் நாற்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்திருந்தது. அதுவும் தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கும் இடத்தில். யாரும் ஒரு மரத்தையும் வெட்டவில்லை.

தோட்டத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. நானும் தோட்டப்புறத்தில் பிறந்தவன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது நம் மக்கள் அந்தக் குலையை வெட்டித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் உலகச் சந்தைக்காக ஒரு நாடு முழுக்க ஒரே பயிரை நட்டால், அதன் விளைவு வேலியோடு நிற்பதில்லை. இதுவும் உலகளாவிய மாற்றம்தான். சூடு மட்டும் மாற்றம் இல்லை. நோய்கூட அப்படித்தான் வருகிறது: 2021-ல் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, அங்குள்ள காட்டுப்பன்றி வகையான தாடிப்பன்றிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பன்றி குறைந்தால் நாற்று தப்பும் என்று தோன்றலாம். ஆனால் மண்ணைக் கிளறுவதும், தீபகற்பத்தில் புலிக்கு இரையாவதும் பன்றிதான். ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் காட்டின் கணக்கு குலைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பூக்க வேண்டிய அடையாளம் அரிதாகிறது, தப்பி முளைத்ததையும் பன்றி முறிக்கிறது. மேற்குக் கலிமந்தானில் குனுங் பாலுங் தேசியப் பூங்காவில் 1998-ல் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார்கள். மரங்கள் காய்த்தன. ஆனால் சுற்றியிருந்த காடு வெட்டுப்பட்டும் எரிந்தும் போனதால் விதை தின்னும் உயிர்கள் எல்லாம் மிஞ்சிய காட்டுக்குள் குவிந்தன. பந்தியில் மிச்சமே இல்லை. புது நாற்று ஏறக்குறைய ஒன்றும் நிற்கவில்லை.

மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடு ஏறினால் உயிர்கள் மேலே நகரும். கினபாலு மலையில் 1965-ல் அந்துப்பூச்சிகளை எந்த உயரத்தில் பிடித்தார்களோ, அதே இடங்களில் 2007-ல் மறுபடி பிடித்தார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. கினபாலு 4,095 மீட்டர், அங்கே ஏற இடம் இருக்கிறது. தீபகற்பத்தில் மிக உயர்ந்த தஹான் மலையே 2,187 மீட்டர்தான். கெந்திங் பக்கம் உச்சிக்காட்டில் பாசியும் கெண்டிச்செடியும் மேகத்தை நம்பி வாழ்கின்றன. மேகம் மேலே போனால் அவற்றுக்கு அதற்கு மேல் மலை இல்லை. அடிவாரத்திலோ வேறு சிக்கல். இங்கிருந்து மேலே போகும் வகைகளின் இடத்தை நிரப்ப, இதைவிடச் சூடான காட்டிலிருந்துதான் வேறு வகைகள் வர வேண்டும். நம்முடையதைப் போன்ற தாழ்நில வெப்பமண்டலக் காடுகளைவிடச் சூடான மழைக்காடு உலகில் இல்லை.

கடலோரம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் அங்கே இயற்கைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. அலையாத்திக் காட்டு மரங்களின், நம் ஊரில் பாக்காவ் என்போமே அவற்றின், வேர்கள் ஆறு கொண்டுவரும் சேற்றைப் பிடித்துவைத்துத் தரையை உயர்த்திக்கொண்டே போகும். கடல் மெதுவாக உயர்ந்தால் காடும் கூடவே உயரும். ஆண்டுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் பெரும்பாலும் தோற்றுப்போகும் என்று பழைய படிவுகளைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது; அந்த வேகமும் கூடிவருகிறது. தோற்கும் நிலை வந்தாலும் காட்டுக்கு இன்னொரு வழி உண்டு: பின்னால் நகர்வது. முன்னே மரம் சாக, பின்னே நிலப்பக்கம் புது மரம் முளைக்கும்.

ஆனால் கேரித் தீவுக்கோ கோல சிலாங்கூருக்கோ போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்கு நேர் பின்னால் தடுப்புக்கரை. கரைக்கு அந்தப் பக்கம் கடலின் உயர்மட்டத்தைவிடத் தாழ்வான நிலத்தில் செம்பனை, வீடு, கோயில். முன்னே கடல் அரிக்கிறது, பின்னே கரை மறிக்கிறது. காடு நடுவில் நாடாவாக மெலிந்துகொண்டே வருகிறது. மேல் நீரோட்டத்தில் அணை கட்டிச் சேற்றைத் தடுத்தால் தரை உயர்த்தும் வேலையும் நின்றுபோகும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவருக்குப் பத்துமலையைக் காட்டுங்கள். அந்தக் குகைகளில் வாழும் தேன்குடி வௌவால்கள் இரவில் எங்கே போகின்றன என்று 1970-களில் ஆராய்ந்தவர்கள், அவை 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோர அலையாத்தி மரங்களின் பூவுக்குப் போய்வருவதைக் கண்டார்கள். டுரியான் பூவுக்கு மகரந்தம் கடத்தும் முக்கியமான வேலையாள் இதே வௌவால்தான். டுரியான் மாலையில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பூக்கும் காலமும் ஆண்டில் சில வாரம்தான். மற்ற மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது, மாதம் தவறாமல் பூக்கும் அந்த அலையாத்தி மரங்கள். ராவுப்பில் ஒரு டுரியான் கிளை காய்ப்பதற்கும் எங்கோ ஒரு சேற்றுக்கரையில் மரம் நிற்பதற்கும் இப்படி ஒரு தொடர்பு. நான் வகுப்பெடுத்தால் இந்த ஒன்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

கரிச்சதுப்புக் காட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் புகைமூட்டம் வழியாகத்தான் தெரியும். 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடி நிலை அறிவித்தது பெற்றோருக்கு நினைவிருக்கும். அந்தக் காடு ஆயிரக்கணக்கான ஆண்டு மக்காத இலைதழைமேல் தண்ணீரில் ஊறி நிற்பது. ஊறி இருக்கும்வரை எவ்வளவு வறட்சி வந்தாலும் எளிதில் எரியாது. மரம் இழுக்கவும் பயிர் வைக்கவும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், அடுத்த எல் நினோவில் தரையே எரியும். வட சிலாங்கூரில் ராஜா மூசா காப்பகத்தில் அந்தக் கால்வாய்களை மறித்துத் தண்ணீரைத் திருப்பி நிறுத்தி, மஹாங் போன்ற மரங்களை நட்டு மீட்டு வருகிறார்கள். வானிலையை நம்மால் மாற்ற முடியாவிட்டாலும் கால்வாயை மூட முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. 2021-ல் வடக்குக் கோல லங்காட் காப்பகத்தில் 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட காட்டைக் காப்பு நிலையிலிருந்து விடுவிக்க முடிவெடுத்தபோது, அங்கே வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும் சிலாங்கூர் மக்கள் பலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்த முடிவு சில மாதங்களில் கைவிடப்பட்டது. அதுவும் பருவநிலை மாற்றத்துக்கு எதிரான வேலைதான்.

ஆக, மாணவனுக்கு நான் சொல்லும் பதில் இப்படி இருக்கும்: காடு சும்மா இருக்கவில்லை தம்பி, அது ஈடுகொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கூடுதல் வாயுவை உறிஞ்சுகிறது, மேலே ஏறுகிறது, பின்னே நகர்கிறது, காத்திருக்கிறது. ஆனால் அதற்கு நேரமும் வழியும் தேவை. சூடு நேரத்தைக் குறைக்கிறது. நாம் கட்டிய கரையும் சாலையும் தோட்டமும் வழியை அடைக்கின்றன. முதலாவதைத் தடுக்க உலகமே சேர வேண்டும். இரண்டாவது சிலாங்கூரிலேயே முடிவாகிறது.

இனி மரம் நடும் கேள்வி. பயன் உண்டு, ஆனால் எதை, எங்கே என்பதைப் பொறுத்தது. ஃப்ரிம் நிற்கும் நிலமே 1920-களில் கைவிட்ட ஈயச்சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. லாலாங் புல் மண்டிய அந்த இடத்தில் வெளியிலிருந்து விதை கொண்டுவந்து நட்டுத்தான் இன்றைய காடு உருவானது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பாழான நிலத்தையும் மீட்கலாம் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. விதை எடுக்கப் பக்கத்தில் தாய்க்காடு இருந்தது. இருக்கும் காட்டை வெட்டிவிட்டு வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பள்ளி வளாகம் சின்னது என்றால் மெராந்தியை நட்டு அவதிப்பட வேண்டாம். கட்டடத்தை ஒட்டி அது வைக்கக்கூடிய மரமில்லை. உள்ளூர்ப் பழமரங்கள், ரம்புத்தான், மங்குஸ்தீன், ஜம்பு, நட்டால் பறவைக்கும் வௌவாலுக்கும் உதவும். திறந்த திடல் பெரிதாக இருந்தால் முதலில் வேகமாக வளரும் உள்ளூர் மரங்களை நட்டு நிழல் உண்டாக்குங்கள். இரண்டு, மூன்று ஆண்டு கழித்து அந்த நிழலில் கப்பூர், மெராந்தி நாற்றை வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பெரும்பாலானவை கருகிவிடும். நாற்று வாங்கும்போது தாய்மரத்தடி மண்ணும் கொஞ்சம் சேர்த்துக் கேளுங்கள்; இந்த மரங்களின் வேர் ஒரு வகைக் காளானோடு கூட்டுவைத்துத்தான் சத்தை உறிஞ்சும், அந்தக் காளான் அந்த மண்ணில்தான் இருக்கும். முதல் ஆண்டில் மழை விடும் வாரங்களில் தண்ணீர் ஊற்ற யாரையாவது பொறுப்பாக்குங்கள். விடுமுறையில்தான் பெரும்பாலான பள்ளி நாற்றுகள் சாகின்றன.

டிப்டெரோகார்ப் நாற்று எல்லா ஆண்டும் கிடைக்காது. காய்த்த ஆண்டில் எடுத்து வளர்த்தவை தீர்ந்துவிட்டால் நாற்றுப்பண்ணையில் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்போது இடத்தை நிரப்ப வேண்டுமே என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா மாங்கியத்தை வாங்கி வைத்துவிடாதீர்கள். அது வேகமாக வளரும், விதையை எங்கும் பரப்பும், ஒரு தீ வந்தால் அதற்குப் பிறகு அது மட்டும்தான் முளைக்கும். காட்டை ஒட்டிய பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம். அடுத்த காய்ப்பு வரும்வரை காத்திருங்கள். பண்ணையில் பள்ளியின் பெயரைக் கொடுத்து வைத்தால், காய் விழும்போது பிள்ளைகளையே வந்து பொறுக்கிக்கொள்ளச் சொல்லும் நல்ல மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்.